கேள்வி கேட்கும் விதம்

இன்று பட்டம் பெறும் சட்ட, குற்றவியல் மாணவர்களே,

உங்களில் சிலர் காக்கி உடுத்தப் போகிறீர்கள், சிலர் கறுப்பு அங்கி. யாராக இருந்தாலும், ஒரு சிறிய அறையில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் ஒரு நாள் உங்கள் மேசைக்கு வரும். அந்தக் கேள்விகளைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1988 பிப்ரவரியில் வேல்ஸின் கார்டிஃப் நகரத் துறைமுகப் பகுதியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். பிடிபட்டவர்களில் ஒருவரைப் போலீசார் ஐந்து நாள்களில் சுமார் 13 மணி நேரம் விசாரித்தார்கள். 300 முறைக்கு மேல் தனக்குத் தொடர்பில்லை என்று மறுத்தார். மறுக்க மறுக்க அதே குற்றச்சாட்டு இன்னும் உரத்த குரலில் திரும்பி வந்தது. கடைசியில் அவர்கள் கேட்க விரும்பியதைச் சொல்லிவிட்டார். அவர்மீது அடி எதுவும் விழவில்லை. அவருடைய வழக்கறிஞர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தடுக்கவில்லை. சட்டம் படித்தவர்கள் இதை மறக்கவே கூடாது.

மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1992 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்த விசாரணையைப் பதிவுசெய்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டார்கள். தலைமை நீதிபதி டெய்லர் தலைமையிலான அமர்வு அதிர்ந்துபோய், தண்டனையை ரத்து செய்தது. 2003இல் மரபணுச் சோதனை உண்மையான கொலையாளியைக் காட்டிக்கொடுத்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி விசாரணையைப் பதிவுசெய்யும் வழக்கம் வந்திராவிட்டால், அந்த அறையில் நடந்தது அந்த அறையோடு போயிருக்கும்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜான் பால்ட்வின் என்ற ஆய்வாளர் அந்நாட்டு விசாரணைப் பதிவுகளை நூற்றுக்கணக்கில் பார்த்தார். அவர் கண்டதில் பெரும்பகுதி கொடுமையல்ல, திறமைக் குறைவு. வழக்கைச் சரியாகப் படிக்காமல் வருவது, குற்றவாளி இவர்தான் என்று முதலிலேயே முடிவுகட்டுவது, பதில் முடிவதற்குள் குறுக்கே பாய்வது. இதற்கெல்லாம் மாற்றாக வந்ததுதான் 'பீஸ்' என்ற ஐந்து கட்ட முறை: திட்டமிடு, பேச்சைத் தொடங்கி நோக்கத்தை விளக்கு, நடந்ததைச் சொல்லவிடு, முறையாக முடி, பின்பு மதிப்பிடு. ஒப்புதல் வாங்குவதிலிருந்து தகவல் திரட்டுவதற்கு விசாரணையின் குறிக்கோளே மாறியது.

"அன்று சாயங்காலத்திலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு ஓர் அதிகாரி பொறுத்திருக்கிறார். இன்னொருவர், "சிவப்பு பைக்கில்தானே வந்தே?" என்கிறார். பயந்துபோனவர் "ஆமா சார்" என்கிறார். அந்தச் சிவப்பு யாருடையது? அதிகாரியுடையது. மறுநாள் வாக்குமூலத்தில் அது 'குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த விவரமாக' ஏறி உட்கார்ந்துகொள்ளும். பொய் வாக்குமூலம் நிஜம்போல் ஒலிப்பது இப்படித்தான்.

சரி, விசாரணையில் பரிவுக்கு இடம் உண்டா? சுவீடனில் கொலை, பாலியல் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்களிடம் ஹோல்ம்பெர்க், கிறிஸ்டியான்சன் என்ற ஆய்வாளர்கள் கேட்டறிந்து 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களை மனிதராக மதித்து விசாரித்ததாகச் சொன்னவர்களிடையே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் அதிகம்; அதட்டி விசாரித்ததாகச் சொன்னவர்களிடையே மறுத்தவர்கள் அதிகம். ஆனால் சிறார்மீதான பாலியல் குற்ற விசாரணைகளைப் பற்றிய பிரிட்டன் ஆய்வொன்று இன்னொன்றையும் காட்டுகிறது: பரிவான சொற்களால் மட்டும் தகவல் கூடவில்லை, கேள்வி சரியாக அமைந்தபோதுதான் கூடியது. இந்த இரண்டும் மோதவில்லை என்றே நான் நினைக்கிறேன். எதிரில் இருப்பவரைப் பேசவிட்டு, முழுதாகக் கேட்டு, அவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பதுதான் பரிவின் வேலை. "உன் இடத்தில் யாராக இருந்தாலும் கோபம் வந்திருக்கும், ஒத்துக்கோ, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று தோளில் கைபோடுவது பரிவாகாது. அது தூண்டில். நிரபராதியும் அதில் சிக்குவார்.

நம் நாட்டுக்கு வருவோம். போலீஸ் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதோடு தொடர்புடைய பகுதி செல்லும். லத்திக்கு வேலை தருவது இந்த விதிவிலக்குதான். "அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஓர் இளைஞர். உயிரோடு வீடு திரும்பவில்லை. அவரைப் பெற்ற தாய்க்கு எந்தச் சட்டப் பிரிவைக் காட்டி நாம் ஆறுதல் சொல்வது?

அதனால் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். விசாரிக்கும் நாற்காலியில் நீங்கள் அமர்ந்தால் வழக்கு முழுவதையும் படித்துவிட்டு உட்காருங்கள். பதிவுக் கருவி ஓடட்டும். எதிரில் இருப்பவரை 'நீங்கள்' என்று அழையுங்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லி, அவர் முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். வழக்கறிஞராகப் பக்கத்தில் அமர்ந்தால், தவறான கேள்வி வரும்போது அந்த நிமிடமே எழுந்து தடுங்கள். நீதிபதியானால், முதலில் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.