சுருதி பிடிபடாத டார்வின்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சார்லஸ் டார்வினைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பரிணாமத்தைப் பற்றி அல்ல, அது பாடநூலில் இருக்கிறது. அவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பதைப் பற்றி. 'சார், இது அறிவியல் கூட்டமாச்சே' என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. அறிவியலுக்கும் வருகிறேன்.

1828 முதல் 1831 வரை டார்வின் கேம்பிரிட்ஜில் மாணவர். அங்கே கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் வாரநாள்களில் பாடகர் குழு பாடும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும்படி கணக்குப் பார்த்துத்தான் தன் நடைப்பயிற்சியை வைத்துக்கொள்வாராம். கேட்கும்போது முதுகுத்தண்டே சிலிர்க்கும் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சில சமயம் அந்தக் குழுவின் சிறுவர்களைக் காசு கொடுத்துத் தன் அறைக்கே அழைத்துப் பாட வைத்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், அவருக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் நிற்காது. அபஸ்வரம் விழுந்தால்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நண்பர்கள் இதை வைத்து அவருக்குத் தேர்வே நடத்தினார்கள். தெரிந்த மெட்டுகளை வேகம் கூட்டியும் குறைத்தும் வாசித்துக் காட்டி, என்ன பாட்டு என்று கேட்பார்கள். தன் நாட்டு அரசரின் வாழ்த்துப்பாட்டைக்கூட அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்ட மாணவனை நாம் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க விடுவோமா?

1839இல் எம்மாவை மணந்தார். எம்மா நன்றாகப் பியானோ வாசிப்பவர். கென்ட் பகுதியில் டவுன் என்ற ஊரில் இருந்த வீட்டில், மாலையில் மனைவி வாசிக்க, டார்வின் படுத்துக்கொண்டு கேட்பார். பீத்தோவனின் சிம்பொனிகளில் சில பகுதிகள், ஹேண்டலின் இசையில் சில துண்டுகள், இவை அவருக்குப் பிடித்தவை என்று மகன் பிரான்சிஸ் குறித்திருக்கிறார். பிடித்த பாட்டே திரும்ப வந்தாலும் 'நன்றாக இருக்கிறதே, இது என்ன?' என்றுதான் கேட்பாராம். அவர் சரியாக முனகியது ஒரே ஒரு வேல்ஸ் நாட்டுப்பாடல்தான் என்றும் மகன் சொல்கிறார். தனக்கு எந்த மெட்டையும் சரியாக முனக வராது என்பது அப்பாவின் கட்சி. நான் மகனை நம்புகிறேன்.

இனி அறிவியல். 1881இல் வெளிவந்த டார்வினின் கடைசி நூல் மண்புழுக்களைப் பற்றியது. மண்புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய, மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களை வீட்டுக்குள் வைத்திருந்தார். உலோக ஊதலைக் கீச்சென்று ஊதினார்கள், அசையவில்லை. பசூன் என்ற பெரிய துளைக்கருவியை அடித்தொண்டைக் குரலில் முழங்கினார்கள், அசையவில்லை. கத்திப் பார்த்தார்கள். பியானோவுக்கு அருகில் மேசைமேல் தொட்டியை வைத்து, முடிந்தவரை பலமாக வாசித்தார்கள். புழுக்கள் பாட்டுக்குக் கிடந்தன.

பிறகு அதே தொட்டிகளைப் பியானோவின் மேலேயே தூக்கி வைத்து ஒரே ஒரு சுரத்தைத் தட்டினார்கள். புழுக்கள் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காற்று வழியே வரும் ஒலி அவற்றுக்கு எட்டவில்லை. திடப்பொருள் வழியே வரும் அதிர்வு எட்டியது. தொட்டியை மேசையிலிருந்து பியானோவுக்கு மாற்றியதுதான் இந்தச் சோதனையின் உயிர். ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று நாம் கரும்பலகையில் எழுதிப்போடுவதை இதைவிட எளிதாகக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

பியானோவுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். ஆர்மோனியம் போதும். ஈரமண் நிரப்பிய ஒரு தொட்டி, நான்கைந்து மண்புழு, சன்னல் சாத்திய அறை, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். வெளிச்சம் பட்டால் புழு உள்ளே போய்விடும் என்பதால்தான் சிவப்புத்தாள். டார்வினும் விளக்குக்குச் சிவப்புக் கண்ணாடி போட்டுத்தான் பார்த்தார். முடிவை நாம் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது, பிள்ளைகளே எழுதட்டும். வேலை முடிந்ததும் புழுக்களைப் பள்ளித் தோட்டத்தில் விட்டுவிட வேண்டும்.

இதே டார்வின் முதுமையில் எழுதிய ஒன்று நம்மைத் தொட வேண்டும். கவிதையையும் இசையையும் ரசிக்கும் தன் சுவை வற்றிவிட்டது என்று வருந்துகிறார். தகவல்களைக் கொட்டி விதிகளை அரைத்தெடுக்கும் எந்திரம்போலத் தன் மனம் ஆகிவிட்டதாம். இன்னொரு முறை வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது கொஞ்சம் கவிதை படித்து, கொஞ்சம் இசை கேட்பேன் என்கிறார். அந்த இழப்பு மகிழ்ச்சியை மட்டுமல்ல, அறிவையும் கெடுக்கலாம் என்பது அவர் அச்சம்.

பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் வாரத்துக்கு ஒரு பாட்டுப் பாடவேளையை நம் பள்ளிகளில் யார் எடுத்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் கணக்கும் அறிவியலும்தான். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் யாரைக் கேட்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அறிவியல் ஆசிரியர்கள் அந்தப் பாடவேளையைக் கேட்டு வாங்கக் கூடாது என்பது என் கருத்து. தலைமையாசிரியரே கொடுத்தாலும் தயங்க வேண்டும்.

இணையத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. டார்வின் ஆன்லைன் தளத்தில் அவருடைய நூல்கள் அனைத்தும் இலவசம். மண்புழு நூலும் தன்வரலாறும் அங்கே உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டார்வின் கடிதத் தொகுப்புத் தளத்தில் அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமான கடிதங்களைப் படிக்கலாம். ஆங்கிலம் சற்றுப் பழையது. மேல்நிலை ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

எல்லோருக்குமானது மூன்றாவது. செனோ-கான்டோ என்று பெயர், ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தில் தொடங்கும். 2005இல் தொடங்கப்பட்டது. உலகெங்கும் தன்னார்வலர்கள் பதிவுசெய்த பறவைக் குரல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் இடம், நாள், பதிவுசெய்தவர் பெயர், ஒலியின் படம் எல்லாம் இருக்கும். வகுப்பில் ஒலிக்கவிடும்போது பதிவுசெய்தவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். உரிம விதி அது, மரியாதையும்கூட.

குயிலைத் தேடிப் பாருங்கள். கூ, கூ என்று ஏறிக்கொண்டே போவது கருநிற ஆண் குயில். பழுப்பு உடலில் புள்ளி போட்ட பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று கத்தும். பாடுவது பெண் குயில் என்றே நினைத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டதும் சும்மா இருக்க மாட்டார்கள். பாடுவதால் ஆணுக்கு என்ன லாபம் என்ற கேள்வி தானாக வரும். டார்வின் 1871இல் எழுதிய நூலில் பாலினத் தேர்வு என்று விரித்துப் பேசியது அதைத்தான்.

இரண்டு குரல்களையும் மடிக்கணினியில் வைத்திருக்கிறேன். இணையம் சரியாகக் கிடைக்காத பள்ளியிலிருந்து வந்தவர்கள் தேநீர் இடைவேளையில் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம்.