ஒஃபீலியா: அந்த ஓடைக்கரையில யார் நின்னது?

ரெண்டு வருஷமா என் லேப்டாப் வால்பேப்பர் ஒரு பழைய ஓவியம். ஓடையில ஒரு பொண்ணு மல்லாந்து மிதக்குறா. சுத்தியும் பச்சை, கையில பூ. போன வாரம் மீட்டிங்ல ஸ்கிரீன் ஷேர் பண்ணேன். டீம்ல ஒருத்தர், "செம ரிலாக்ஸ்டா இருக்கே, ஸ்பா விளம்பரமா?"ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சோம். கால் முடிஞ்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்தப் பொண்ணு செத்துக்கிட்டு இருக்கா. அது தெரிஞ்சும் அழகா இருக்குன்னுதான் நான் வெச்சிருந்தேன்.

அவ பேரு ஒஃபீலியா. ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துல வர்றவ. காதலிச்சவன் அவளைக் கேவலமாப் பேசி ஒதுக்குறான். அதே ஆளு கையால அவ அப்பா சாகுறாரு. அண்ணன் ஊர்ல இல்ல. மனசு உடைஞ்சு, கடைசியில ஓடையில மூழ்கிப் போறா.

இங்கதான் ஒரு விஷயம். நாடகத்துல அந்தச் சாவை நாம பாக்கவே மாட்டோம்! ராணி வந்து, இப்படி நடந்துச்சுன்னு சொல்றாங்க, அவ்ளோதான். பூமாலையை மரக்கிளையில மாட்டப் போனா, கிளை முறிஞ்சுது, உடை கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிச்சுது, பாடிக்கிட்டே போனான்னு. இவ்வளவு விவரமா ஒருத்தர் பாத்திருந்தா, ஏன் யாரும் இறங்கிக் காப்பாத்தல? நாடகம் இதுக்குப் பதில் சொல்றதில்ல.

மேடையில இல்லாத அந்தக் காட்சியைத்தான் 19-ம் நூற்றாண்டு ஓவியர்கள் திரும்பத் திரும்ப வரைஞ்சாங்க. பிரான்ஸ்ல டெலாக்ரூவா 1838-ல ஆரம்பிச்சு பல தடவை வரைஞ்சார். அவர் ஒஃபீலியா ஒரு கையால கிளையைப் பிடிச்சுத் தொங்குறா. இங்கிலாந்துல 1852-ல, ராயல் அகாடமியோட ஒரே கண்காட்சியில ரெண்டு ஒஃபீலியா. ஆர்தர் ஹியூஸ் வரைஞ்சது, விழறதுக்கு முன்னாடி தண்ணி ஓரமா உக்காந்திருக்குற சின்னப் பொண்ணு. இன்னொண்ணு ஜான் எவரெட் மில்லே வரைஞ்சது. என் வால்பேப்பர் அதுதான். இப்போ லண்டன் டேட் பிரிட்டன்ல இருக்கு.

மில்லே அதை வரைஞ்ச விதத்தைக் கேளுங்க. 1851-ல மாசக்கணக்கா சர்ரே பகுதியில ஹாக்ஸ்மில் ஆத்தங்கரையில உக்காந்து செடி, இலை, பூன்னு ஒவ்வொண்ணா வரைஞ்சார். பின்னணி மொத்தமும் ரெடி, நடுவுல ஆளுக்கு மட்டும் இடம் காலி. குளிர்காலத்துல லண்டன் ஸ்டுடியோவுக்கு வந்து, எலிசபெத் சிடல்ங்கிற மாடலை, உடையோட தண்ணித் தொட்டியில படுக்க வெச்சார். தண்ணி சூடா இருக்கத் தொட்டிக்குக் கீழ விளக்கு. ஒரு நாள் விளக்கு அணைஞ்சு போச்சு. மில்லே வேலையில மூழ்கி அதைக் கவனிக்கல. சிடலும் எதுவும் சொல்லாம விறைச்சுப் போய்க் கிடந்தாங்க. கடுமையான ஜலதோஷம். அவங்க அப்பா 50 பவுண்ட் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவேன்னு மிரட்ட, மில்லே டாக்டர் செலவைக் கொடுத்துச் சமாதானம் ஆனார். இதையெல்லாம் மில்லேயோட மகனே அப்பாவோட வாழ்க்கை வரலாற்றுல எழுதியிருக்கார்.

தண்ணியில ஒரு பொண்ணு. எதிர்ல ஒருத்தர் உத்துப் பாத்துக்கிட்டே இருக்கார். ஆனா அவளுக்கு என்ன ஆகுதுன்னு அவருக்குத் தெரியல. ராணி சொன்ன அதே கதை, நிஜமாவே நடந்திருக்கு.

சிடல் வெறும் மாடலும் இல்ல. அவங்களும் ஓவியர், கவிதையும் எழுதினவங்க. 1862-ல லாடனம்ங்கிற அபின் மருந்து அளவுக்கு மீறிப் போய் இறந்தாங்க. ஆனா இன்னைக்கும் பெரும்பாலானவங்களுக்கு அவங்க 'தொட்டியில படுத்த பொண்ணு'தான்.

ஒஃபீலியாவுக்கும் இதே கதிதான். சாகுறதுக்கு முன்னாடி ஒரு காட்சியில அவ நேரா அரண்மனைக்குள்ள வர்றா. ராஜா ராணி முன்னாடி நின்னு பாடுறா, ஒவ்வொரு செடியா எடுத்து நீட்டுறா. அதுல ஒண்ணு சோம்புச் செடி. அந்தக் காலத்துல அது முகஸ்துதிக்கு அடையாளம். (சொம்பு இல்ல மக்களே, சோம்பு!) யாருக்கு எதைக் கொடுக்குறான்னு நாடகத்துல எழுதல, ஆனா அங்க இருந்தவங்களுக்கு உறைச்சிருக்கும். "பைத்தியம்"னு சொல்லி ஒதுக்கிட்டாங்க.

இந்தக் காட்சியையும் வரைஞ்சவங்க இருக்காங்க. பெஞ்சமின் வெஸ்ட் 1792-லயே வரைஞ்சார். எனக்குப் பிடிச்சது ஹென்ரியெட்டா ரேங்கிற பெண் ஓவியர் 1890-ல வரைஞ்சது. லிவர்பூல் வாக்கர் கேலரியில இருக்கு. அதுல ஒஃபீலியா எழுந்து நிக்கிறா, ராஜா ராணிக்கு எதிர்ல. ஆனா அது போஸ்டராவோ வால்பேப்பராவோ என் கண்ணுல பட்டதே இல்ல.

மில்லே ஓவியம் மோசம்னு நான் சொல்லல. அந்த இலைகளை ஜூம் பண்ணிப் பாத்தா இப்பவும் வாய் பிளப்பேன். ஆனா ஒண்ணு உறுத்துது. ஒருத்தி நின்னு பேசுனப்போ யாரும் காது கொடுக்கல. வாய் அடங்கி மிதந்ததும் "எவ்ளோ அமைதி"ன்னு ஃப்ரேம் போட்டு மாட்டிட்டோம். நம்ம ஆபீஸ்ல, வீட்டுல, ஃபிரண்ட்ஸ் குரூப்ல, "அவ இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டா"ன்னு யாரையாவது சொன்னோம்னா, விளக்கு எரியுதான்னு ஒரு தடவை குனிஞ்சு பாக்கலாம்.

வால்பேப்பரை மாத்திட்டேன். இப்போ ரே வரைஞ்ச ஒஃபீலியா. அடுத்த ஸ்கிரீன் ஷேர்ல யாராவது "இது யாரு?"ன்னு கேக்கட்டும், சொல்றேன். அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.