சிறு நத்தையும் பேருடும்பும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரயில்வேப் பார்சல் ஆபீஸில் நாம் எதனையும் தராசில் ஏற்றியே மதிப்பிடுகிறோம். அப்பழக்கத்தால் பிராணிகளின் வலிமையையும் எடை கொண்டே அளந்து வந்தோம். அது பிழையென்பதை உணர்த்தியவை இரண்டு பிராணிகள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'டிராகன்' என்றே பெயர்.

ஒன்று, இந்தோனேஷியாவின் கொமோடோ, ரிஞ்சா, புளோரெஸ் முதலிய தீவுகளில் வாழும் பேருடும்பு. நம் நாட்டு உடும்பிற்கு உறவுதான். ஆயினும் பத்தடி வரை வளரும். 1912-இல் ஒவன்ஸ் என்னும் டச்சு ஆராய்ச்சியாளர் இதனை விவரித்து எழுதினார். மான், காட்டுப் பன்றி, சமயத்தில் எருமையையும் வீழ்த்தும். எச்சிலிலுள்ள கிருமிகளே இரையைக் கொல்வதாக வெகுகாலம் நம்பப்பட்டது. கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் உண்டென்றும், அவ்விஷம் இரத்தத்தை உறையவொட்டாது தடுக்குமென்றும் 2009-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

மற்றொன்று நீல டிராகன் எனப்படும் ஓடில்லாக் கடல் நத்தை. நீளம் சுமார் ஓரங்குலம். நம் தராசின் முள் அசையவே அசையாது! காற்றை விழுங்கி வயிற்றில் அடக்கிக்கொண்டு, கடல்மேல் மல்லாந்து மிதக்கும். மேல்நோக்கிய வயிற்றுப்புறம் நீலம். கீழ்நோக்கிய முதுகு வெள்ளி நிறம். ஆகவே பறவையின் கண்ணுக்கு அது கடல்நீர். கீழிருந்து நோக்கும் மீனுக்கு வானத்தின் ஒளி.

விந்தை யாதெனில், இதற்குச் சொந்த விஷம் கிடையாது. மழைக்காலத்தில் நம் மும்பையின் ஜுஹு கடற்கரையில் ஒதுங்கும் 'புளூ பாட்டில்' என்னும் நீலக் குமிழியைப் பலர் கண்டிருப்பீர்கள். அதன் இழை பட்டால் தீச்சுட்டாற்போல் எரியும். அதனையே இந்நத்தை உணவாகக் கொள்கிறது. தின்றவற்றுள் கொட்டும் அணுக்களைச் செரிக்காமல், தன் விரல்போன்ற உறுப்புகளின் நுனியில் சேமித்துப் பகைவர்மேல் ஏவுகிறது. சரக்கு ஓரிடத்தில் குவிவதால், உடையவன் கொட்டினும் இரவல் வாங்கியவன் கொட்டுக் கடுமையாகலாம். இதனைக் களவென்பதா, சேமிப்பென்பதா? கணக்கெழுதும் நமக்கே விளங்கவில்லை.

பேருடும்பைக் கண்டால் எக்குழந்தையும் ஓடும். நீலமாய் மின்னும் இதனைக் கண்டாலோ கையில் எடுக்கும். 2023 டிசம்பரில் புயலுக்குப்பின் சென்னைக் கடற்கரையிலும் இவை ஒதுங்கின. இறந்து கிடப்பதும் கொட்டும். ஆகவே மழைக்காலத்தில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் தாய்மார்கள், நீலமாகக் கிடக்கும் எதனையும் தொடவிடாதிருக்க வேண்டுகிறோம். கொட்டிவிட்டால் அவ்விடத்தைத் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.