கையும் மருந்தும்



தமிழில் 'கை' என்பது ஓரெழுத்து ஒருமொழி. ஆயினும் அதிலிருந்து கிளைத்த சொற்கள் எத்தனை! கைத்தொழில், கைப்பொருள், கைம்மாறு, கைகூடுதல் என நம் வாழ்வின் பெரும்பகுதியை அச்சிறு சொல்லே தாங்கி நிற்கிறது. ஆதரவிழந்தாரின் துயரத்தைப் பாடும் துறைக்கு நம் முன்னோர் இட்ட பெயரும் 'கையறுநிலை' என்பதே. வலக்கையில் மூன்றரை விரல்கள் மரத்துப்போகக் கண்ட ஆசிரியன் நான். நோயின் பெயர் தெரிந்தபின் மருத்துவத்தை எவ்வாறு நாடவேண்டும் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அந்நோயை மருத்துவர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்பர். நாம் 'மணிக்கட்டுக் குகை நோய்' என்று சொல்லலாம். மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் வளைவாக அமைந்துள்ளன. அவ்வளைவின்மேல் உறுதியான நார்ப்பட்டை ஒன்று கூரைபோல் மூடியிருக்கிறது. இக்குறுகிய குகையினுள்ளே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், மீடியன் நரம்பு என்னும் நடு நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. எலும்பு விலகிக் கொடாது. நார்ப்பட்டையும் நெகிழ்ந்து கொடாது. ஆகவே உள்ளே சிறிது வீக்கம் தோன்றினும் நரம்பே நசுங்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் ஒரு பாதி ஆகியவை மரத்துப்போகும். சிறுவிரல் வேறொரு நரம்பின் ஆட்சியில் இருப்பதால் தப்பிவிடும். இரவில் துன்பம் மிகும். கையை உதறினால் சற்றே தணியும்.

இது புதிய நோயன்று. 1854-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் பேஜெட் என்னும் ஆங்கில மருத்துவர், மணிக்கட்டு எலும்பு முறிந்தபின் இந்நரம்பு அழுத்தப்படுவதைக் குறித்துவைத்தார். 1950-களில் ஜார்ஜ் ஃபாலன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இந்நோயைப் பலரும் அறியச் செய்தார். மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கிவைத்துப் பார்க்கும் சோதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்னும் அந்நான்கில் நோயாளியே முதலில் நிற்பதைக் கவனியுங்கள். பிணியைச் சரியாக எடுத்துரைப்பது அவர் கடமை. எந்தெந்த விரல்கள், எந்த நேரத்தில், எத்தனை நாளாக என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சென்றேன். எழுத்துக் கோணியிருந்தது, செய்தி நேராக இருந்தது.

மருத்துவர் என் இரத்தத்தில் சர்க்கரையையும் தைராய்டு சுரப்பையும் சோதிக்கச் சொன்னார். நீரிழிவு, தைராய்டுக் குறைவு, முடக்குவாதம் ஆகியவற்றோடும், மகளிர்க்குக் கருவுற்ற காலத்தோடும் இந்நோய் சேர்ந்து வருவதுண்டாம். பிறகு மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தி, நரம்பு செய்தியை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்று அளந்தார்கள். "முப்பத்தைந்து ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்ததுதான் காரணமோ?" என்று கேட்டேன். "அவ்வாறு உறுதியாகச் சொல்வதற்கில்லை" என்றார். அதிரும் கருவிகளைப் பிடிப்போர்க்கும், கையை இறுக்கி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வோர்க்கும் இது மிகுதி என்று விளக்கினார்.

இதற்குள் உறவினரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கவாதத்தின் தொடக்கம் என்று ஒருவர் அஞ்சினார். எண்ணெய் தேய்த்தால் போதும் என்றார் மற்றொருவர். கத்தி பட்டால் கையே விளங்காது என்று அச்சுறுத்தினார் இன்னொருவர். அவர்தம் அன்பை ஏற்றுக்கொண்டேன். அறிவுரையை மருத்துவரிடம் கொண்டுசென்றேன். அவரிடம் மூன்று வினாக்கள் கேட்டேன். நோய் இப்போது எந்தப் படியில் நிற்கிறது? நீங்கள் கூறும் மருத்துவத்தால் பயன் என்ன, இடர் என்ன? காத்திருந்தால் யாது நேரும்?

மூன்றாம் வினாவுக்கு வந்த விடையே என்னைத் தெளிவித்தது. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்தால் பெருவிரலடித் தசை மெலியும். முற்றும் மெலிந்தபின் அறுவை செய்தாலும் இழந்த வலிமை முழுதும் மீளாமற் போகலாம். தொடக்க நிலையில் இருப்போர் பலர்க்கு, இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் என்னும் பட்டையே நலந்தரும். சிலர்க்கு ஸ்டீராய்டு ஊசி விரைந்த ஆறுதல் அளிக்கும். ஆனால் சில மாதங்களில் துன்பம் மீள்வதும் உண்டு. நான் ஆறு வாரம் பட்டை அணிந்தேன். குறுகுறுப்புக் குறைந்தது. ஆயினும் சட்டைப் பொத்தானை மாட்ட இயலவில்லை. தசையும் மெலியத் தொடங்கியிருந்தது. ஆகவே அறுவைக்கு இசைந்தேன்.

அறுவையில் நரம்பை வெட்டுகிறார்கள் என்று பலர் எண்ணி அஞ்சுகின்றனர். வெட்டப்படுவது நரம்பன்று, அதன்மேல் கூரையாக நிற்கும் நார்ப்பட்டையே. குகை அகன்று, நரம்பின் அழுத்தம் நீங்குகிறது. கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். நான் விழித்தே இருந்தேன். அன்றே வீடு திரும்பினேன். சில நாட்களில் இரவுத் துன்பம் ஒழிந்தது. பிடியின் வலிமை வரப் பல மாதங்கள் ஆயின. சுட்டுவிரல் நுனியில் மரப்பு இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. அவ்வாறு நேரலாம் என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தமையால் எனக்கு ஏமாற்றம் இல்லை.

வள்ளுவர் கூறிய நான்காம் கூறு என் துணைவியார். கட்டு நனையாமல் காத்ததும், பொத்தான் மாட்டியதும், மருத்துவர் சொன்ன விரற்பயிற்சியை நாள்தோறும் நினைவூட்டியதும் அவரே.

மாணவர்களே, உங்களுள் பலர் இல்லங்களில் அன்னையோ தந்தையோ தைப்பவராக, பீடி சுற்றுபவராக, தறி நெய்பவராக, கல் உடைப்பவராக இருக்கக்கூடும். அவர்கள் நள்ளிரவில் எழுந்து கையை உதறுகிறார்களா என்று கவனியுங்கள். "வேலை செய்த கை அப்படித்தான்" என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். கூலி போய்விடுமே என்று மருத்துவமனைக்குச் செல்லவும் தயங்குவார்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். எந்த விரல், எந்த நேரம் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்ட மூன்று வினாக்களை அவர்கள் சார்பில் நீங்கள் கேளுங்கள். உங்களைப் படிக்கவைக்கும் கைகள் அவை; ஓயுமுன் காப்பது உங்கள் கடமை.