அமெரிக்கக் கலையும் எமது கைவண்ணமும்



பிள்ளைகள் அமெரிக்கப் பாட்டுக்கும் படத்துக்கும் சித்திரக்கதைக்கும் அடிமையாகிவிட்டனர் எனப் பெற்றோர் முறையிடுவதை அடிக்கடி கேட்கிறோம். முறைப்பாடு பழையது. ஆயினும் இம்மூன்றையும் தமிழர் கையேற்ற விதம் ஒரே மாதிரியானதன்று. அவ்வேறுபாட்டையே இன்று ஆராய விரும்புகிறேன்.

திரைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒகையோ மாநிலத்தவரான எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழறியாத அவரே எம்.ஜி.ஆர். முதன்முதல் நடித்த ‘சதிலீலாவதி’யை 1936இல் இயக்கினார். 1950இல் வெளியான ‘மந்திரிகுமாரி’யிலும் அவர் பங்கு பெரிது. அப்படத்தின் கதைக்கு வேர் குண்டலகேசி; வசனம் மு. கருணாநிதியுடையது. தொழில்நுட்பம் கடல் கடந்து வந்தது, பொருள் நம்முடையது.

இசையில் எமது நாட்டவர் செய்தது இதனினும் துணிவானது. 1956இல் ஹாரி பெலபொன்டேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு, கரிபியன் தீவுகளின் பாட்டுக்களை அமெரிக்கா வழியாக உலகெங்கும் பரப்பிற்று. ஜிம் றீவ்சின் குரலோ இலங்கையில் வீடுதோறும் பழகியது. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் அதே கித்தாரை ஏந்தினர். ஆனால் பாடியது நம் ஊர்ப் பேச்சை. ‘சின்ன மாமியே’ அவ்வாறு பிறந்தது. ‘சுராங்கனி’யிலோ சிங்களமும் தமிழும் ஒருங்கே ஆடின. இதுவும் ஓர் இசையா என முகஞ்சுளித்தோரும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1990களில் பற்றறி வன்னிக்கு வரத் தடையிருந்த காலத்திலே, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். சுற்றுகின்ற கை ஓய்ந்தாற் பாட்டும் ஓயும். ஒரு பொப் பாட்டு முடியும்வரை கைமாற்றிக் கைமாற்றிச் சுற்றினோமென்றால், அதனினும் பெரிய மதிப்புரை வேண்டுமோ?

சித்திரக்கதையில்தான் எனக்குக் குறை. லீ பால்க் 1936இல் படைத்த முகமூடி வீரர், 1964 முதல் இந்தியாவின் இந்திரஜால் சித்திரக்கதைகளிலே உலவினார். இந்தியில் வேதாளம் என்ற பெயரே பெற்றார். தமிழில் ராணி காமிக்ஸ் அவரை மாயாவி ஆக்கிற்று. பெயர் நமதாயிற்று, கதை நமதாகவில்லை. கானகத்தைக் காப்பவன் தலைமுறை தலைமுறையாக ஒரு வெள்ளையன்; கானகத்து மக்களோ அவனைத் தொழுது நிற்பவர். காடும் குளமுமாகிய வன்னியிற் பிறந்த பிள்ளை இதனை ஐயமின்றிப் படிக்கிறான் என்பதே என் கவலை. இந்தக் காட்டிலிருந்து புறப்பட்டு 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியவன் பண்டாரவன்னியன். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் ஆங்கிலப் படையிடம் தோற்றான். முல்லைமணி அவ்வரலாற்றை நாடகமாக்கினார். கருணாநிதி நாவலாக எழுதினார். ஆயினும் பத்து வயதுப் பிள்ளை விரும்பிப் புரட்டத்தக்க சித்திரக்கதையாக அதனை எங்கள் பாடசாலை நூலகத்தில் என்னால் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. மாயாவியை எடுத்துக் கொடுக்க முடிகிறது. பாட்டுக்கு நித்தி கனகரத்தினம் செய்ததைப் படத்துக்குச் செய்ய வேண்டியவர்கள், காகிதமும் பென்சிலும் உடைய நம் மாணவரே.

சென்ற தவணையிற் சித்திர வகுப்பில் இதனைத் தொடங்கினோம். ஒரு மாணவன் பண்டாரவன்னியனுக்கு முகமூடியும் மண்டையோட்டு மோதிரமும் அணிவித்திருந்தான். சித்திர ஆசிரியர் சினந்தார். நானோ அவனைக் கற்சிலைமடுவுக்கு அழைத்துச் சென்று இடத்தைக் காட்டும்படி கூறினேன். இப்பொழுது அவன் இரண்டாம் பக்கத்தை வரைகிறான். கோட்டையிலிருந்த பீரங்கி எவ்வளவு நீளம் என்று கேட்டு வரலாற்று ஆசிரியரைத் தினமும் தொல்லைப்படுத்துகிறான்.