இசையை எடைபோடுக, இசைவாணரை இகழற்க
(இசையன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதிதாகத் தோன்றலாம். சிலருக்குக் கூச்சத்தையும் தரலாம். ஆணை விரும்பும் ஆணையும், பெண்ணை விரும்பும் பெண்ணையும் தன்பாலீர்ப்புடையோர் என்கிறோம். அத்தகைய இசைவாணரை விமரிசனம் என்னும் பெயரால் பத்திரிகைகள் இழித்துரைத்த கதையும், அவர்தம் இசையைக் கேட்டு மகிழ்ந்த மக்கள் அதற்களித்த விடையுமே நமது பொருள்.

முதலில் அளவுகோல் ஒன்றை வகுத்துக்கொள்வோம். சந்தையிலே புகையிலை வாங்க வருபவன் என்ன செய்கிறான்? இலையைத் தொட்டுப் பார்க்கிறான். நிறத்தையும் தடிப்பையும் மணத்தையும் ஆராய்கிறான். குறையிருந்தால் முகத்துக்கு நேரே சொல்கிறான். தோட்டக்காரர் அதனால் மனம் நோவதில்லை. ஏனெனில் அது இலையைப் பற்றிய பேச்சு. ஆனால், அவன் இலையைத் தொடாமலே தோட்டக்காரரின் நடையைப் பழித்து, குரலைப் பழித்து, வீட்டு வாழ்க்கையைப் பழித்து விலை பேசுவானாயின், அவனை வியாபாரி என்போமா? வம்பன் என்போமா? இசை விமரிசகருக்கும் இதுவே அளவுகோல்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் லிபராச்சி என்றொரு பியானோ கலைஞர் இருந்தார். 1919 இல் பிறந்தவர். மின்னும் உடையணிந்து, பியானோவின் மேல் மெழுகுதிரி விளக்கேற்றி வைத்து வாசிப்பார். தொலைக்காட்சி வழியாக இலட்சக்கணக்கான இல்லங்களுக்குள் புகுந்தவர். இரசிகர்களுள் நடுவயதுத் தாய்மாரே மிகப் பலர். 1956 ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர் இங்கிலாந்துக்கு வந்தபோது, லண்டன் வாட்டர்லூ புகையிரத நிலையத்தில் பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது.

அவர் வந்திறங்கிய உடனேயே, செப்டெம்பர் 26 ஆம் நாள், 'டெயிலி மிரர்' நாளிதழில் 'கசாண்ட்ரா' என்னும் புனைபெயருடைய வில்லியம் கொனர் ஒரு பத்தி எழுதினார். இழிபொருள் தரும் அடைமொழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆணுமல்ல பெண்ணுமல்ல என்று குறிப்பால் உணர்த்தி, அக்கலைஞரைச் சந்தி சிரிக்க வைத்தார். அவ்வடைமொழிகளுள் ஒன்று பழத்தின் சுவையைக் குறிப்பது. பழம் என்னும் சொல் அமெரிக்கக் கொச்சை வழக்கில் தன்பாலீர்ப்புடைய ஆணை இகழும் சொல். அதைப் பாராட்டி வரவேற்ற தாய்மாரையும் அப்பத்தி விட்டுவைக்கவில்லை. பாடகனைப் பழிப்பவன் கேட்பவரையும் பழித்தே தீருவான் என்பதற்கு இது சான்று.

லிபராச்சியின் இசையில் குறை இல்லையா? இருந்தது. பெரும் இசையாசிரியர்களின் நீண்ட ஆக்கங்களை வெட்டிச் சுருக்கி வாசித்தார். அதனை அவர் மறைக்கவுமில்லை. சைக்கோவ்ஸ்கியின் ஆக்கத்தை இப்படிக் குறுக்கலாமா என்று ஒரு விமரிசகர் கேட்டிருந்தால், அது நேர்மையான கேள்வி. ஆனால் கசாண்ட்ராவின் கண் விரல்களின்மேல் விழவில்லை. விரல்களுக்குரியவர் யாரை விரும்புகிறார் என்பதன்மேல் விழுந்தது.

லிபராச்சி வழக்குத் தொடுத்தார். 1959 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டது. ஜூரர்கள் அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். 8,000 பவுண் நட்டஈடு கிடைத்தது. இரசிகர்கள் மகிழ்ந்தனர். அன்பர்களே, அது வெற்றிதானா?

அவ்வெற்றிக்கு அவர் கொடுத்த விலையை எண்ணிப் பாருங்கள். தாம் தன்பாலீர்ப்புடையவர் அல்லர் என்று அவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து கூறவேண்டியிருந்தது. உண்மை வேறு. 1987 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆம் நாள், எயிட்ஸ் நோயின் விளைவாக அவர் மறையும்வரை அவ்வுண்மையை வெளியிட அவருக்குத் துணிவு வரவில்லை. நாம் அவரைக் குற்றஞ் சாட்டமாட்டோம். அக்காலத்து இங்கிலாந்தில் ஆண்களிடையிலான அவ்வுறவு சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அங்கே 1967 இலேயே சட்டம் ஓரளவு தளர்ந்தது. மெய்யுரைத்தால் சிறை வாசலும் பிழைப்பின் அழிவும், பொய்யுரைத்தால் நட்டஈடு. ஒரு மனிதனை இப்படிப்பட்ட முச்சந்தியில் நிறுத்திய குற்றம் யாருடையது?

அரங்குகளை நிறைத்த இரசிகர்களின் அன்பு பொய்யன்று. ஆயினும், "அவர் அப்படிப்பட்டவராகவே இருக்கட்டும், அதனால் இசைக்கு என்ன குறை?" என்று உரத்துக் கேட்க அன்றைய சட்டமும் சமூகமும் இடங்கொடுக்கவில்லை. "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்பதே அன்று கிடைத்த ஒரே கேடயம். அந்தக் கேடயத்தை ஏந்தும்போதே, அப்படியிருப்பது இழிவு என்னும் எதிரியின் வாதத்தை நாமும் ஒப்புக்கொண்டு விடுகிறோம். நாம் இன்று வலியுறுத்த விரும்புவது இதனையே.

ஆண்டுகள் பல கழிந்தன. அயர்லாந்தின் 'பாய்சோன்' இசைக்குழுவில் ஸ்டீவன் கேட்லி என்னும் இளைஞர் பாடிவந்தார். 1999 இல் தம் இயல்பை அவரே உலகறியச் செய்தார். இரசிகர்கள் ஓடிவிட்டனரா? இல்லை. மறு ஆண்டில் அவர் தனித்து வெளியிட்ட முதல் இசைத்தட்டு பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 3 ஆம் இடத்தை எட்டியது. மெய் சொல்லியும் பாடகன் வாழலாம் என்பதை மக்கள் மெய்ப்பித்தனர்.

2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் நாள், மயோர்க்காத் தீவில், தமது 33 ஆவது வயதில் கேட்லி காலமானார். இயற்கையான மரணம் என்றே மருத்துவப் பரிசோதனை கூறியது. ஆனால் அடக்கத்துக்கு முதல்நாள், ஒக்டோபர் 16 ஆம் நாள், 'டெயிலி மெயில்' நாளிதழின் பத்தியாளர் ஒருவர், அம்மரணம் இயற்கையானதாக இருக்க முடியாது என்ற தொனியில் எழுதினார். அவருடைய வாழ்க்கை முறையே சாவுக்கு வழிகோலியது என்று குறிப்பால் உணர்த்தினார். பாடகரின் பூதவுடல் மண்ணுக்குப் போகுமுன்னே அவர் பெயரைப் புழுதியில் இழுத்த செயல் அது.

இம்முறை மக்கள் வாளாவிருக்கவில்லை. பாட்டைக் கேட்டவர்களும், கேளாதவர்களுங்கூட எழுதினர். பிரித்தானியப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு 25,000 இற்கு மேற்பட்ட முறைப்பாடுகள் சென்றன. தனியொரு கட்டுரைக்கெதிராக அதுகாறும் அத்துணை முறைப்பாடுகள் அங்கே வந்ததில்லை. விளம்பரதாரர் சிலர் அக்கட்டுரை இருந்த பக்கத்திலிருந்து தம் விளம்பரங்களை அகற்றுவித்தனர். அது வெளிவந்த காலத்தையிட்டு எழுதியவரே குடும்பத்தாரிடம் வருத்தந் தெரிவிக்க நேர்ந்தது.

2010 பெப்ரவரியில் ஆணைக்குழு, கருத்துரைக்கும் சுதந்திரத்தைக் காரணங்காட்டி, முறைப்பாட்டை ஏற்க மறுத்தது. அப்படியாயின் தோல்வியல்லவா என்று கேட்பீர்கள். 1959 இல் தீர்ப்பு வென்றது, உண்மை தோற்றது. 2010 இல் தீர்ப்பு தோற்றது; உண்மை தலைநிமிர்ந்து நின்றது. இரண்டில் எது பெரிது என்பதை உங்கள் நெஞ்சே சொல்லட்டும். "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்று எவரும் வாதாடவில்லை, "அவர் அப்படிப்பட்டவரே, அதனால் இழிவென்ன?" என்றே கேட்டனர்.

பத்திரிகைச் சுதந்திரம் என்னாவது என்போரும் உளர். நாமும் பத்திரிகை வாசகர்களே. எழுதுகோலுக்கு விலங்கு பூட்டுமாறு நாம் கேட்கவில்லை. சுருதி விலகினால் எழுதட்டும். தாளம் பிசகினால் எழுதட்டும். ஆனால் எழுதும் உரிமை எழுதுபவனுக்கு உண்டெனில், மறுத்தெழுதும் உரிமை வாசகனுக்கும் உண்டு. அவ்வுரிமையைச் செலுத்தும் முறை மூன்று. முதலாவது, எந்த வரி பிழை, ஏன் பிழை என்று சுட்டி ஆசிரியருக்கு எழுதுவது. இரண்டாவது, புனைபெயருக்குள் ஒளியாது சொந்தப் பெயரில் எழுதுவது. மூன்றாவது, வசைக்கு வசை கூறாது, மிரட்டாது எழுதுவது. வசையை வசையால் வெல்ல முனைபவன் எதிரியின் களத்திலேயே போரிடுகிறான்.

இவையெல்லாம் கடலுக்கப்பால் நடந்தவை, நமக்கென்ன என்று எண்ணவேண்டா. பிரித்தானியர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை வழியாக அதே சட்டமனம் இலங்கைக்கும் வந்தது. அதன் பிரிவுகளைத் திருத்தக் கொணர்ந்த தனியார் உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் கூறியது. சட்டத்தை மாற்றுவது சட்டமன்றத்தின் கடமை. மனத்தை மாற்றுவது நம் கடமை.

ஆகவே அன்பர்களே, நாளைக்கே ஒரு பத்திரிகையைப் பிரிக்கும்போது, பாட்டை விட்டுப் பாடியவரின் இயல்பை எள்ளும் ஒரு வரி கண்ணிற்பட்டால், சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டாதீர்கள். அந்தப் பாட்டு ஒருநாள் உங்கள் களைப்பைத் தீர்த்திருக்கும். ஒரு துயர இரவில் துணையிருந்திருக்கும். அக்கடனைத் தீர்க்க ஓர் அஞ்சலட்டை போதும். எழுதுங்கள்.