ஏரியைத் தின்ற சர்க்கார்



சென்ற வெள்ளிக்கிழமை, 2019 ஜூலை 12ஆம் தேதி, 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் காவேரி ஜலத்தைச் சுமந்துகொண்டு வேலூர் ஜில்லா ஜோலார்ப்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு ரயில் வந்து சேர்ந்ததையும், அந்த ரயிலுக்கு அலங்காரம் செய்து மந்திரிகள் முன்னின்று வரவேற்றதையும் நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தாகத்தால் வாடுகிற ஒரு ராஜதானி, தானே கோடையில் தவித்துக்கொண்டிருக்கும் வேலூர் ஜில்லாவிடம் குடத்தை நீட்டி நிற்கிற தினம், துக்க தினமே தவிர உற்சவ தினம் ஆகாது. அதைப் போய் உற்சவமாகக் கொண்டாடினார்களே என்ற ஆத்திரம்தான் என்னை இன்று இந்த மேடையில் ஏற்றியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் வழங்கிவந்த குடிநீர் வாரியம், இப்பொழுது 52½ கோடி லிட்டரோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. துண்டு விழுவது 30 கோடி. அந்த இடத்தில் 65 கோடி ரூபாயை ஒதுக்கி, தினம் நாலு நடை ரயிலை விட்டு, இவர்கள் கொண்டுவரப் போவது 1 கோடி லிட்டர்! அதையும் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் கொட்டிக் குழாயில் விட்டால், வியாசர்பாடியில் விடியற்காலை மூன்று மணிக்கு அடிபம்பின் முன்னால் பிளாஸ்டிக் குடங்களை வரிசை வைத்துக் காத்திருக்கிற தாய்க்கு அதில் எத்தனை சொட்டு போய்ச் சேரும்?

கேட்டால், மழை பொய்த்துவிட்டது, நாங்கள் என்ன செய்வோம் என்கிறார்கள். மழை பொய்த்ததற்கு யாகம் வளர்த்தார்கள். குருக்கள்மார்களை அண்டாவில் இறக்கிக் கழுத்தளவு ஜலத்தில் உட்கார வைத்து ஜபிக்கச் சொன்னார்கள். ஊரில் மிச்சமிருந்த ஜலம் அண்டாவுக்குப் போயிற்று! இவர்களுடைய எதிர்க்கட்சிக்காரரோ, நாங்கள் ஆண்டபோது இப்படி இல்லை என்கிறார். எப்படி இருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சென்ற வருஷத்து வடகிழக்குப் பருவமழை குறைந்தது மெய்தான். ஆனால் இந்த நகரம் ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் இல்லை. வருஷத்துக்குச் சராசரி ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. தேசத்தின் சராசரியைவிட அதிகம். நாலு வருஷத்துக்கு முன்பு, 2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி ஜலம் அடையாற்றில் பாய்ந்து, ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கி, ஜனங்கள் மொட்டை மாடியில் நின்று கதறியதை மறந்துவிட்டீர்களா? அந்த வேகத்தில் ஒரு நாள் ஓடினால் இரண்டரை டி.எம்.சி.; பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நாலும் நிறைந்தாலே பதினொன்றே கால் டி.எம்.சி.தான். அந்த ஜலத்தைத் தேக்க வேண்டிய ஏரிகள் எங்கே போயின? இன்று இந்த நாலிலும் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு ஜலம்கூட இல்லை. ஏரிகள் எங்கே?

சர்க்கார் தின்றுவிட்டது. நான் ஆத்திரத்தில் அள்ளி வீசுகிற வார்த்தை அன்று இது, சரித்திரம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து, 1920களில் தியாகராய நகரை எழுப்பியது யார்? சர்க்கார். மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது. பார்க்க லேக் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த இடத்தில் வள்ளுவர் கோட்டத்தைக் கட்டியது யார்? சர்க்கார். முகப்பேர் ஏரித் திட்டம் என்று வீட்டுவசதி வாரியம் மனை போட்டதே, ஏரிக்குத் திட்டமா, ஏரியை ஒழிக்கத் திட்டமா? பள்ளிக்கரணைச் சதுப்பில் பல ஆண்டுகளாக நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது யார்? மாநகராட்சி. முதலில் ஆண்டது ஜஸ்டிஸ் கட்சி, பிறகு காங்கிரஸ், அப்புறம் கழகம், அதற்கப்புறம் இன்னொரு கழகம். எல்லாவற்றிலும் சண்டையிட்டுக்கொண்டவர்கள் ஏரியைத் தின்பதில் மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்!

ஒரு ஏரியின் சர்வே விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பழைய பதிவேட்டைப் புரட்டிய குமாஸ்தா, சிறிது நேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்கள் இப்போது நிற்பதே ஏரிக்குள்தான்" என்றார். அந்த அலுவலகமே ஏரிக்குள் இருந்தது! நல்ல மனிதர்; பொய் சொல்லத் தெரியாதவர்.

ஏரி என்பது தனிக்குட்டை அன்று. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து, அந்த ஜலம் கால்வாய் வழியே கீழ் ஏரிக்குப் போய், அதுவும் நிரம்பி அதற்கடுத்ததற்குப் போகும்படி, செங்கல்பட்டு ஜில்லா முழுவதும் நம் முன்னோர்கள் சங்கிலியாகக் கோத்து வைத்தார்கள். மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஊருக்கு ஊர் நீர்க்கட்டி இருந்தான். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால், மழைக் காலத்தில் அதற்குக் கீழே உள்ள ஊர் மூழ்குகிறது. கோடையில் அதே ஊரின் கிணறு வற்றுகிறது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணம் ஒன்றே. இது தெரியாமல், கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே என்கிறார் ஒரு மேதை. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள், இரண்டும் சேர்ந்து நாளுக்கு 20 கோடி லிட்டர். ஆகட்டும், வானம் இனாமாகக் கொடுக்கிற ஜலத்தைக் கடலுக்கு ஓட்டிவிட்டு, அதையே மின்சாரம் செலவழித்துத் திரும்ப வாங்குவதற்கு நிர்வாகம் என்று பெயரா?

பூண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1939இல் இந்நகரின் மேயரான சத்தியமூர்த்தி, மகாயுத்தம் மூண்டிருந்த சமயத்தில், அன்னிய ஆட்சியோடு போராடிக்கொண்டே அந்த நீர்த்தேக்கத்துக்காக மன்றாடினார். 1944இல் அணை திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. சுதந்திரம் இல்லாத காலத்தில் ஒரு மேயரால் ஏரி ஒன்றை உண்டாக்க முடிந்தது. சுதந்திர சர்க்கார் எத்தனை ஏரிகளை அழித்தது!

2003இல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிக்கச் சட்டம் போட்டார்கள். ஜனங்கள் கடன் வாங்கியாவது செய்தார்கள். 2007இல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் யாரைத் தேடிப் போகும்? அடையாற்றங்கரைக் குடிசையை! குடிசையைப் பெயர்த்து, அந்த ஏழைகளை லாரியில் ஏற்றி, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் அடுக்கு மாடியில் போட்டார்களே, அந்த அக்கிரமத்தைச் செய்துவிட்டு ஆக்கிரமிப்பு என்ற வார்த்தையை உச்சரிக்க இவர்களுக்கு நா எப்படி எழுகிறது?

ஆகையால், தீர்மானத்தைப் படிக்கிறேன். வருகிற ஐப்பசி மழைக்கு முன்பாக, சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்று ஜில்லாக்களிலும் உள்ள ஒவ்வோர் ஏரியின் பழைய பரப்பையும் இன்றைய பரப்பையும், அதற்குள் நிற்கிற சர்க்கார் கட்டடங்களின் ஜாபிதாவையும் அந்தந்த ஊரில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வரத்துக் கால்வாயை மறித்து நிற்பவற்றுள், குடிசையைத் தொடுமுன் சர்க்கார் கட்டடத்தை முதலில் இடிக்க வேண்டும். ஆமோதிக்கிறவர்கள் கை தூக்குங்கள்.